கேதீஸுக்கு நான் கொடுக்காத கிளியரன்ஸ்

கேதீஸை நான் விளையாடவும் விடவில்லை, வேறு கிளப்புக்குப் போகவும் விடவில்லை. ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அவன் வேறொரு வாழ்க்கைக்குள் போயிருப்பான். போடவில்லை. நீங்கள் பொறுமையாக வாசிக்கிற ஆள் என்று நம்பி, இனிமேல் சுற்றி வளைத்துத்தான் சொல்லப்போகிறேன். வயது போனவனுக்கு நேர்கோட்டில் நடக்க வருவதில்லை. ஆனால் குற்றத்தை முதலில் மேசையில் வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. இல்லாவிட்டால் வழியில் எங்கேயாவது அதை மறைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

போன கிழமை நவாஸ் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். கந்தோரில் ஒன்றாக வேலைபார்த்த பழைய ஆட்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பெரும்பாலும் மரண அறிவித்தலும் முழங்கால் வலிக்கு வைத்தியமும்தான் வரும். நவாஸ் எங்கள் ஹொக்கி அணியின் கோல் காப்பாளன். இப்போது மகளோடு மெல்பேர்னில் இருக்கிறான். "அண்ணன், நம்ம டீமில எல்லாக் காலத்துக்கும் சேத்து பெஸ்ட் லெவன் ஒண்டு போடுங்க. ஒங்களப் போல ஆள எட போடத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல" என்று எழுதியிருந்தான். கீழே எல்லோரும் கைதட்டும் படங்களைப் போட்டிருந்தார்கள்.

அவன் அதை மனதார எழுதினானா, குத்தி எழுதினானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அலுமாரிக்கு மேல் ஒரு பழைய ஹொக்கி மட்டை கிடக்கிறது. இறக்கித் தூசு தட்டினேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு இருந்தால் எந்த இரும்பும் மிஞ்சாது, எந்த மரமும் மணக்காது, எல்லாவற்றையும் உப்பு தின்றுவிடும். ஆனால் அந்த மட்டையின் கைப்பிடித் துணியை மூக்கருகில் கொண்டுபோனபோது மட்டைக்குப் பூசுகிற லின்சீட் எண்ணெயின் மணம் மெல்லியதாக இருந்தது. ரயில் ஒன்று போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அதிர்வும் அந்த மணமும் சேர்ந்தால் எனக்கு ஒரே ஒரு காலம்தான் ஞாபகம் வரும்.

யுத்தம் நடந்த காலத்தில் நான் கொழும்புக் கோட்டையில் ஒரு வியாபாரக் கம்பனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஹொக்கியில் பெரிய ஆளென்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பருவம் இடது ஓரத்தில் விளையாடி, பந்தைவிட எல்லைக்கோட்டோடு அதிகம் பழகியவன். விளையாடத் தெரியாதவனைக் கிளப்பின் செயலாளர் ஆக்குவார்கள்; என்னையும் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு எனக்கு வாழ்க்கையில் வேறு வேலை இருக்கவில்லை. யார் எந்த வங்கியிலிருந்து எந்த வங்கிக்குப் போகிறான், எந்தக் கம்பனி எந்த முன்வரிசைக்காரனுக்கு வேலை கொடுக்கப்போகிறது என்பதெல்லாம் என் விரல் நுனியில் இருக்கும். வர்த்தக நிறுவனங்களின் ஹொக்கியில் அப்போது ஆட்டக்காரனை வாங்குவது என்றால் அவனுக்கு வேலை கொடுப்பதுதான். கூட்டல் கழித்தல் தெரியாத சென்டர் ஃபோர்வர்ட் ஒருவன் ஒரு வங்கியில் காசாளராக இருந்தான். அவன் கோல் அடிக்கிறவரைக்கும் காசு குறைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நாங்கள் சிரிப்போம்.

கோல் அடிக்கிறவனை விலைக்கு வாங்குகிறவன் முட்டாள் என்பது என் கொள்கை. வெள்ளவத்தைச் சைவக்கடையில் தோசைக்கு முன்னால் இருந்துகொண்டு மணிக்கணக்காக இதை விளக்குவேன். ஷோர்ட் கோர்னர் கிடைக்கும்போது கோல் கோட்டுப் பக்கமிருந்து ஒருவன் பந்தைத் தள்ளிவிடுவான். வட்டத்தின் விளிம்பில் ஒருவன் அதை மட்டையால் நிறுத்துவான். பக்கத்தில் நிற்கிறவன் ஓங்கி அடிப்பான். பத்திரிகையில் அடித்தவன் பெயர் வரும். ஆனால் எங்கள் கிரவல் மைதானத்தில் கல்லில் பட்டுத் துள்ளி வருகிற பந்தை அசையாமல் நிறுத்துகிறவன் இல்லையென்றால், அடிக்கிறவன் காற்றைத்தான் அடிக்கவேண்டும். அந்த நிறுத்துகிறவனைத் தேடிப் பிடி, அவன்தான் பெறுமதியானவன் என்பேன்.

கேதீஸ் அப்படி நிறுத்துகிறவன்.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாடிவிட்டுக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். மெலிந்த பையன், கதை குறைவு. லெஃப்ட் ஹாஃப் இடத்தில், நடுவரிசையின் இடது பக்கம், நிற்பான். முதல் நாள் பயிற்சியில் அவன் ஒரு கோர்னரை நிறுத்தியதைப் பார்த்தேன். மட்டையை நிலத்தோடு படுக்க வைத்தான். பந்து வந்தது, நின்றது. சத்தமே இல்லை. நித்திரைப் பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி இருந்தது. அன்று மாலையே எங்கள் களஞ்சியப் பொறுப்பாளரைப் பிடித்து, அவனை நாட்கூலிக்கு எடுப்பித்தேன். "அடுத்த வருசம் நிரந்தரமாக்கலாம் தம்பி" என்றேன்.

"பரவாயில்லை அண்ணை. எனக்கு அந்தக் காட் ஒண்டு கிடைச்சால் போதும்" என்றான்.

காட் என்று அவன் சொன்னது கம்பனி அடையாள அட்டையை. படமும், சிங்களத்தில் கம்பனிப் பெயரும் முத்திரையும் உள்ள அட்டை. அது நிரந்தர ஊழியருக்கு மட்டும்தான். நாட்கூலிக்காரருக்கு இல்லை. அதன் பெறுமதி அன்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஏனென்றால் என் சட்டைப் பையிலேயே ஒன்று இருந்தது.

பயிற்சி முடிந்து நாங்கள் நடந்து வருகிற வழியில் ஒரு காவல் தடை இருந்தது. மணல் மூட்டை, கம்பிச்சுருள், தார் பீப்பாய்கள். எங்கள் பையன்கள் மட்டையை உறையில் போடுவதில்லை. நீளமான உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தமிழன் ஒருவன் வந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே துவக்கு நிமிர்ந்துவிடும். ஆகவே வெறும் மட்டையைத் தலைப்பக்கம் பிடித்து, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி வீசிக்கொண்டு நடப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் நடந்தார்கள். நவாஸ் மட்டும் கோல் காப்பாளனுக்குரிய பெரிய மூட்டையைச் சுமந்தபடி, "இதுக்குள்ள இரிக்கிறது கால்ல கட்டுற பேட் மட்டும்தான் மாத்தயா" என்று சிங்களத்தில் பகிடி விட்டுக்கொண்டு முன்னால் போவான்.

ஒருநாள் என் அட்டையைக் காட்டினேன், "யன்ன" என்று போகச் சொன்னார்கள். கேதீஸ் தேசிய அடையாள அட்டையையும் லொட்ஜின் பொலிஸ் பதிவுத் துண்டையும் காட்டினான். அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அவனை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நான் தடைக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் நின்றேன். வெயில் இறங்கியது. அவன் மட்டையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, வேறெங்கேயோ பார்த்தபடி நின்றான். பிறகு விட்டார்கள். வந்து என் பக்கத்தில் நின்றான். "நாளைக்குக் கோர்னருக்கு வேற மட்டை கொண்டுவாறன் அண்ணை, இதின்ர முகம் தேஞ்சுபோச்சு" என்றான்.

நானும் அந்த மட்டையின் முகத்தைப் பற்றித்தான் வழிமுழுக்கக் கதைத்தேன்.

அடுத்த பருவத்துக்கு முன் எனக்கு ஒரு பெரிய மீன் அகப்பட்டது. தேசிய அணிக்கான பயிற்சியில் இருந்த லெஃப்ட் ஹாஃப் ஒருவன், வேலை மாற விரும்பினான். நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்து அவனை எடுத்தேன். நிரந்தர வேலை, அட்டை, எல்லாம் முதல் நாளே. கேதீஸ் பெஞ்சுக்குப் போனான். அது எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. அணி என்றால் அப்படித்தான். மேலானவன் வந்தால் மற்றவன் நகரவேண்டும்.

அந்தக் கிழமைதான் ரஞ்சித் தொலைபேசியில் வந்தான். துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனி இருந்தது. அதன் ஹொக்கிச் செயலாளர் அவன், சிங்களவன், என் நண்பன், பரம எதிரி. "அய்யே, அர லெஃப்ட் ஹாஃப் கொல்லாவ அபிட்ட தென்னகோ" என்றான். அந்தப் பையனை எங்களுக்குக் கொடுங்களேன், நீங்கள்தான் விளையாடவிடப் போவதில்லையே, நாங்கள் நிரந்தர வேலையே கொடுக்கிறோம் என்றான்.

ஒரு வீரன் கிளப் மாறுவதற்குப் பழைய கிளப்பின் செயலாளர் கிளியரன்ஸ் கடிதம் கொடுக்கவேண்டும். பருவத்துக்கான பதிவு முடிவதற்குள் அது போய்ச் சேராவிட்டால் அந்த வருடம் அவன் யாருக்கும் விளையாட முடியாது. விளையாட முடியாத ஹொக்கிக்காரனுக்கு எந்தக் கம்பனியும் வேலை கொடுக்காது. நாலு வரிக் கடிதம். கீழே என் கையெழுத்து.

மறுநாள் கேதீஸ் என் மேசைக்கு வந்தான். கந்தோருக்குள் அவன் வருவது குறைவு. களஞ்சியத் தூசு சட்டையில் இருந்தது.

"அண்ணை, கப்பல் கம்பனியில கூப்பிடினம். காட்டும் உடனை தருவினமாம்."

"தெரியும். ரஞ்சித் கதைச்சவன்."

"கிளியரன்ஸ் ஒண்டு…"

"பாப்பம் தம்பி. ஏன் அவசரப்படுறாய்? இங்கயே அடுத்த வருசம் செய்துதாறன்."

"போன வருசமும் சொன்னனீங்கள்தானே அண்ணை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மறந்துபோன ஒருவருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரிச் சொன்னான்.

எனக்கு அப்போது என்ன கணக்கு ஓடியது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. கப்பல் கம்பனியிடம் நல்ல அடிகாரன் இருந்தான். நிறுத்துகிறவன் இல்லை. கேதீஸ் அங்கே போனால் அவர்களுடைய ஒவ்வொரு கோர்னரும் எங்களுக்கு எதிராக ஒரு கோல். அவனுடைய பெறுமதியை ஊரில் என்னைவிட யாரும் சரியாக அறிந்திருக்கவில்லை. அதனால்தான் கடிதத்தை எழுதவில்லை.

நவாஸ் மட்டும் கேட்டான். "அண்ணன், அவன பெஞ்சில வெச்சிட்டு அடுத்தவனுக்கும் குடுக்க மாட்டேன் எண்டு செல்றது என்ன ஞாயம்? கடையில தின்னாத பிளேட்ட கட்டிப் புடிச்சிக்கிட்டு இரிக்கிற மாதிரி இரிக்கி."

"பிளேட் எங்களுடையது" என்றேன். அதைச் சொல்லிவிட்டு நான் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

பதிவு முடிந்தது. ரஞ்சித் வேறொருவனை எடுத்துக்கொண்டான்.

அந்த வருடம் மைதானத்தில் எல்லாமே பிழையாக இருந்தது. ஒரு சனிக்கிழமை போனால் கோல் கம்பங்களுக்கு நடுவே இராணுவ லொறிகள் நிற்கும். அவை போன பிறகு கிரவலில் எண்ணெய்க் கறை இருக்கும், பந்து அதில் வழுக்கும். ஆட்டத்துக்கு நடுவில் ஹெலிகொப்டர் தாழப் பறந்தால் எல்லோரும் ஒரு கணம் நின்று மேலே பார்ப்போம். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் இருப்பார். பெஞ்சில் கேதீஸ் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பான். தேசிய அணிக்காரன் ஓடியாடி நன்றாகத்தான் விளையாடினான். கோர்னரில் மட்டும் பந்து அவன் மட்டையில் பட்டுத் தெறித்தது. நான் பெஞ்சைப் பார்ப்பதில்லை.

பிறகு நகரில் ஒரு குண்டு வெடித்தது. கந்தோர்க் கண்ணாடிகள் உள்ளே விழுந்தன. நாங்கள் படிகளில் இறங்கி ஓடினோம். வீதியில் புகை, ஒரு செருப்பு, எங்கேயோ விடாமல் அடிக்கிற கார் ஹோர்ன். வீட்டுக்கு வந்து சேர்ந்து மனைவியிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "இந்தச் சனிக்கிழமை ஹொக்கி மச் நடக்காதுபோல" என்பது.

"உங்களை எரிச்சால் சாம்பலுக்குள்ளயும் ஒரு பந்து கிடக்கும்" என்றாள் அவள்.

குண்டு வெடித்தால் தமிழர் இருக்கிற இடங்களில் சுற்றிவளைப்பு வரும். அது மழைக்குப் பின் வெள்ளம் மாதிரி. எந்தத் தெருவுக்கு, எந்த ஒழுங்கைக்கு முதலில் வரும் என்பது மட்டும்தான் தெரியாது. நவாஸின் வீடும் கொட்டாஞ்சேனைப் பக்கம். காலையில் அவன் கந்தோருக்கு வந்தபோது சட்டையை மாறிப் பொத்தான் போட்டிருந்தான்.

"லொட்ஜ ரவுண்டப் பண்ணிட்டாங்க அண்ணன். கேதீஸயும் லொறியில ஏத்திட்டாங்க." பொத்தானைக் கழற்றி மாட்டியபடி சொன்னான்: "கையில ஸ்டிக் வெச்சிருந்தான். நான் ஹொக்கி ப்ளேயர், இந்தக் கம்பனிக்கு வெளயாடுறேன் எண்டு சிங்களத்தில செல்லிட்டே இருந்தான். ஸ்டிக்கப் புடுங்கி ரோட்டில போட்டுட்டாங்க."

பொலிஸிலிருந்து எங்கள் கம்பனிக்குக் கேட்டிருக்கிறார்கள். ஆளணிப் பிரிவு பதிவைப் பார்த்து, அப்படி ஒரு ஊழியர் இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறது. அது பொய் இல்லை. நாட்கூலிக்காரர் பெயர் அவர்களிடம் இருக்காது.

எனக்கு அதிகாரம் இருந்த ஒரே கடிதத்தை அன்று எழுதினேன். இன்னார் எங்கள் ஹொக்கிக் கிளப்பின் வீரர், நன்னடத்தை உடையவர், அவர் விரும்பும் கிளப்புக்குச் செல்ல எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, கிளப் முத்திரை குத்தி, பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். வாசலில் தாய்மாரும் லொட்ஜ் முதலாளிகளும் நிறைந்திருந்தார்கள். பொறுப்பதிகாரி மரியாதையான மனிதர். இருக்கச் சொன்னார். கடிதத்தை முழுவதும் வாசித்தார்.

"இவர் நல்ல ஆட்டக்காரரா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மிக நல்ல ஆட்டக்காரர்."

"இந்த வருடம் உங்கள் கம்பனிக்காக எத்தனை ஆட்டம் ஆடினார்?"

பத்திரிகையில் வந்த எந்த ஆட்டக் குறிப்பிலும் அவன் பெயர் இல்லை. அவருக்கு அது தெரியவா போகிறது, பொய் சொல்லியிருக்கலாம்.

"ஒன்றும் இல்லை" என்றேன்.

"நல்ல ஆட்டக்காரர் என்கிறீர்கள்" என்றார் அவர். கடிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

கேதீஸைத் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொன்னால் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். ரஞ்சித்தின் வீட்டுக்குப் போய், கேதீஸுக்கு வேலை கொடுக்க இருந்தோம் என்று ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேட்டேன். அவன் தந்தான். "இதை முதலே கேட்டேனே அய்யே" என்று மட்டும் சொன்னான். ஹொக்கிச் செயலாளர் பதவியை விட்டேன். நீதிமன்ற வராந்தாவில் தவணைக்குத் தவணை போய் நின்றேன். கறுப்புக் கோட்டுகளும் பிளேன்டீ வாசமும், பெயர் கூப்பிடுகிற சத்தமும். அவன் பெயரைக் கூப்பிடுவார்கள். அவன் கூண்டில் ஏறுவான். வழக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போகும். குற்றம் என்று ஒன்றும் சொல்லப்படவில்லை. கடைசியில், குற்றம் ஒன்றும் இல்லாமலேயே விட்டார்கள்.

வெளியே வந்தவனைப் புதுக்கடையிலேயே ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். நிர்வாகத்தோடு சண்டை பிடித்து வாங்கிய நியமனக் கடிதம் என்னிடம் இருந்தது. நிரந்தர வேலை. அட்டையும் வரும். அவன் ரொட்டியை வலது கையால் பிய்த்தான். இடது கையை மேசைக்குக் கீழே வைத்திருந்தான். பிளேன்டீக் கிளாஸை எடுக்க அது மேலே வந்தபோது பார்த்தேன். கடைசி இரண்டு விரல்களும் மடியவில்லை. ஹொக்கியில் மட்டையைத் திருப்புவது இடது கைதான்.

நியமனக் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து என்னிடமே தந்தான். "அம்மா வரச்சொல்லி நிக்கிறா அண்ணை. போறன்" என்றான். பிறகு கேட்டான்: "அந்தக் கிளியரன்ஸ் இருக்கோ?"

பொலிஸ் அதிகாரி திருப்பித் தள்ளிய அதே கடிதம் என் பையில்தான் இருந்தது. எல்லாத் தவணைக்கும் அதைக் கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். நிதானமாக வாசித்தான்.

"திகதியைக் கொஞ்சம் முந்திப் போட்டிருக்கலாம் அண்ணை" என்றான். அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு அவனை நான் காணவில்லை. யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த வருடங்கள் அவை. எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அந்த மைதானத்தில் இப்போது ஒரு உயர்ந்த கட்டடம் நிற்கிறது. கார்கள் நிலத்துக்குக் கீழே இறங்குகின்றன. கொட்டாஞ்சேனை லொட்ஜ் இருந்த இடத்தில் குழாய்ச் சாமான் விற்கிறார்கள். எங்கள் கம்பனியையே யாரோ வாங்கிப் பெயரை மாற்றிவிட்டார்கள். காவல் தடை இருந்த சந்தியில் இன்றைக்கும் என் கை சட்டைப் பைக்குத் தானாகப் போகும்.

சண்டை முடிந்த பிறகு யாழ்ப்பாணம் போய் அவன் வீட்டைத் தேடிப் பிடித்தேன். தாய் இறந்துபோயிருந்தாள். அக்கா இருந்தாள். அவன் வன்னிக்குப் போனவன், சண்டையின் கடைசி நாட்களுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை என்றாள். சுவரில் இருந்த அவன் படத்துக்கு மாலை போட்டிருக்கவில்லை. நான் யார் என்று சொன்னதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"கொழும்பில அவனை விடமாட்டன் எண்டு வைச்சிருந்த அண்ணை நீங்கள்தானே? அம்மாவுக்குச் சொல்லுவான். பெரிய கம்பனிக்காரர் வந்து கேட்டவை, எங்கட செக்ரட்டரி என்னைக் குடுக்கமாட்டன் எண்டிட்டார் எண்டு. அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவ."

நான் திருத்தவில்லை. அங்கே உண்மையைச் சொல்லத்தான் வவுனியா தாண்டிப் போயிருந்தேன். தாய்க்கு அவன் கொடுத்துவிட்டுப் போன பெருமையை நான் எப்படி எடுப்பேன் என்று அந்த நேரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்கும் நல்ல காரணங்கள் கிடைக்கும்.

அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "அவன் வடிவா விளையாடுவானோ அண்ணை? நாங்கள் ஒருநாளும் பாக்கேல்லை. கோல் அடிப்பானோ?"

"இல்லைப் பிள்ளை. அவன் பந்தை நிப்பாட்டுறவன்" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. என் குடையை எடுத்தேன். முழங்காலை மடக்கிக் குனிந்து, அவன் செய்வதுபோல அதைச் சிமெந்து நிலத்தோடு படுக்க வைத்துக் காட்டினேன். இப்படித்தான், அசையாமல், என்றேன். பந்து வந்து நிற்கவேண்டிய இடத்தை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.